சிறுவர் பாட்டுப் போட்டிப் புகழ் (மலையகம்)

தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளால் சிறுவர் பெறும் புகழும், அது இலங்கை மலையகப் பெருந்தோட்ட இளையோரிடம் செலுத்தும் செல்வாக்கும். நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டத் தொழிலாளரின் லயன் (வரிசை வீடு) குடியிருப்புகளில் தென்னிந்தியத் தொலைக்காட்சி அன்றாடப் பொழுதுபோக்கு. ஆயினும் நெடுங்காலம் மலையகப் பிள்ளைகள் அதன் பார்வையாளர்கள் மட்டுமே. 2023இல் ஜீ தமிழின் ‘சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்’ 3ஆம் பருவத்தில் புசல்லாவை நயப்பனைத் தோட்டச் சிறுமி அசானி பாடினார். ஊரார் பணம் சேர்த்து அவரைச் சென்னைக்கு அனுப்பினர். மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்ததன் 200ஆம் ஆண்டு நினைவுகூரப்பட்ட அதே ஆண்டில், தோட்டத் தொழிலாளரின் வாழ்வு இவ்வாறு தமிழ்நாட்டு வீடுகளை எட்டியது. தம்மைப் போன்ற ஒருவரைத் திரையில் காண்பது பிள்ளைகளின் தன்னம்பிக்கையை உயர்த்துகிறது. வறுமையே காட்சிப்பொருளாவது இதன் கவலைக்குரிய மறுபக்கம். அசானி பாடிய 3ஆம் பருவத்தின் பட்டத்தை இன்னோர் இலங்கைச் சிறுமியான, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கில்மிஷா வென்றார்.