சட்டத்துக்குள் சிக்கிய வலி மருந்து

கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பாலில் இருப்பது மார்ஃபின். அந்தப் பால் உறைந்து பழுப்பேறினால் அபின். மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர், ராஜஸ்தானின் சித்தோர்கர், உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி ஆகிய மாவட்டங்களில் அரசின் உரிமம் பெற்ற விவசாயிகள் இன்றும் இதைப் பயிரிடுகிறார்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில், பிற்பகல் வேளையில், பல முனை கொண்ட சிறு கத்தியால் காயின் தோலை மேலாகக் கீறிவிடுவார்கள். இரவெல்லாம் கசியும் பால் விடிவதற்குள் கெட்டிப்படும். காலையில் அதை வழித்தெடுப்பார்கள். சில நாள் விட்டு அதே காயை மறுபடியும் கீறுவார்கள். சேர்ந்த அபின் முழுவதையும் மத்திய போதைப்பொருள் பணியகத்திடம் எடைபோட்டு ஒப்படைக்க வேண்டும். ஒரு பிடி வெளியில் போனாலும் சிறைதான். சட்டப்படி அபின் பால் எடுத்து, அதை ஏற்றுமதியும் செய்யும் ஒரே நாடு இந்தியா. அப்படிப்பட்ட நாட்டில், புற்றுநோய் முற்றி வலியில் துடித்தவர்களுக்கு 10 மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரை ஒன்று கிடைக்காமல் போன காலம் உண்டு. 1985-இல் தொடங்கிய அந்தக் காலம் அடியோடு முடிந்துவிட்டது என்று இன்னும் சொல்ல முடியவில்லை.

அபின் மீது அரசு வைத்த பிடி அதைவிடப் பழையது. கங்கைக் கரையில் காசிப்பூர் அபின் ஆலையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1820-இல் அமைத்தது. அங்கிருந்தும் பாட்னாவிலிருந்தும் போன அபின் சீனாவை அடிமைப்படுத்தியது. 1839-இல் போரும் மூண்டது. பிரிட்டனில் எழுந்த எதிர்ப்பால் 1893-இல் ஓர் அரசக் குழு அமைக்கப்பட்டது. இந்தியக் கிராமங்களில் அபின் இருமலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் உடல்வலிக்கும் கைமருந்தாகப் புழங்குகிறது, தடை வேண்டாம் என்று 1895-இல் அது அறிக்கை தந்தது. வருவாயைக் காக்க எழுதிய அறிக்கை என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. அதில் நியாயமும் இருந்தது. ஆனாலும், மருத்துவரே இல்லாத ஊர்களில் வலிக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதும் உண்மைதான். விடுதலைக்குப் பின் 1949-இல் கூடிய அகில இந்திய அபின் மாநாடு, கடைகளில் அபின் விற்பதைப் பத்தாண்டுக்குள் நிறுத்த முடிவு செய்தது. 1959-உடன் அந்தக் கைமருந்துக் காலம் முடிந்தது. அதன்பின் வலிக்கு அபின் வகை மருந்து வேண்டுமென்றால் மருத்துவரின் சீட்டுதான் ஒரே வழி.

மருத்துவர்கள் கையில் இருந்ததோ பெரும்பாலும் ஊசிதான். ஜெர்மானிய மருந்தாளர் செர்ட்யூர்னர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தார். நூற்றாண்டின் நடுவில் ஊசிக்குழல் வந்ததும் அது அறுவைக்கூடத்துக்கும் போர்க்களத்துக்கும் உரிய மருந்தானது. மாதக்கணக்கில் நீடிக்கும் வலிக்கு அதை வாய்வழியாக, நேரம் தவறாமல் கொடுக்கலாம் என்பதை உலகுக்கு நிரூபித்தவர் ஆங்கிலேய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ். லண்டனில் 1967-இல் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் அந்திமக்கால இல்லத்தில், வலி தாங்காமல் நோயாளி கேட்கும்வரை காத்திருக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. வலி திரும்பும் முன்பே அடுத்த வேளை மருந்து தரப்பட்டது. இந்த முறையை ஏற்று உலக சுகாதார நிறுவனம் 1986-இல் புற்றுநோய் வலிக்கான வழிகாட்டியை வெளியிட்டது. முதலில் சாதாரண வலிநிவாரணி, போதவில்லையென்றால் கோடீன் போன்ற மெல்லிய ஓபியாய்டு (அபின் வகை மருந்து), அதுவும் போதவில்லையென்றால் மார்ஃபின் என மூன்று படிகள் அதில் இருந்தன. மும்பையில் இந்தியாவின் முதல் அந்திமக்கால இல்லமான சாந்தி அவேத்னா ஆசிரமம் தொடங்கியதும் அதே 1986-இல்தான்.

அதற்கு ஓராண்டு முன்பே இந்தியா வேறு திசையில் ஓர் அடி எடுத்து வைத்திருந்தது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக ஹெராயின் இந்தியாவுக்குள் வரத் தொடங்கியிருந்தது. 1961-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கைக்கு ஏற்பக் கடுமையான சட்டம் வேண்டும் என்ற நெருக்கடியும் இருந்தது. 1985 நவம்பரில் போதைப்பொருள், மனமயக்கப் பொருள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலான குற்றங்கள் உறுதியானால் குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் அபராதம். 1989-இல் சில குற்றங்களை மீண்டும் செய்பவர்களுக்கு மரண தண்டனையும் சேர்ந்தது. அளவுக்கு ஏற்பத் தண்டனை என்ற பாகுபாடு 2001-இல்தான் வந்தது.

இந்தச் சட்டம் மருத்துவப் பயன்பாட்டை எங்கும் தடை செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் விலக்கு உண்டு என்று எட்டாம் பிரிவிலேயே இருக்கிறது. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. மருந்தை வைத்திருப்பது, எடுத்துச் செல்வது, விற்பது ஆகியவற்றுக்கான விதிகளை வகுக்கும் பொறுப்பு மாநிலங்களுக்குப் போனது. ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் விதி எழுதியது. மாத்திரை வேண்டிய மருத்துவமனை ஒரு மாநிலத்தில், தயாரிக்கும் ஆலை இன்னொரு மாநிலத்தில் என்றால், வைத்திருக்க ஓர் உரிமம், இறக்குமதிக்கு ஒன்று, அனுப்பும் மாநிலத்தின் ஏற்றுமதி அனுமதி ஒன்று, வழிப்பயணத்துக்கு ஒன்று என வரிசையாகத் தேவைப்பட்டன. கலால் துறை, சுகாதாரத் துறை, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆகிய மூன்றின் கையெழுத்தும் வேண்டும். எல்லா உரிமங்களும் ஒரே நாளில் செல்லுபடியாக வேண்டும் என்பதுதான் பெரிய தொல்லை. நான்காவது தாள் கைக்கு வருவதற்குள் முதல் தாளின் கெடு முடிந்துவிடும். பிறகு மறுபடியும் முதலிலிருந்து.

கணக்கில் சிறு பிசகு நேர்ந்தாலும் பத்தாண்டுச் சிறை என்ற பயத்தில் மருந்துக்கடைகள் மார்ஃபினை வாங்கி வைப்பதையே நிறுத்தின. மருத்துவமனைகளும் அதையே செய்தன. நாட்டின் மார்ஃபின் பயன்பாடு 1985-க்கும் 1997-க்கும் இடையே 97 சதவீதம் சரிந்தது. 1997-இல் இந்த மாபெரும் தேசம் முழுவதும் பயன்படுத்தியது வெறும் 18 கிலோ. அதே ஆண்டுகளில் காசிப்பூரிலிருந்தும் நீமச்சிலிருந்தும் டன் கணக்கில் அபின் வெளிநாட்டு மருந்தாலைகளுக்குக் கப்பலேறியது. இந்திய நோயாளி வலியோடு செத்தது மருந்துத் தட்டுப்பாட்டால் அல்ல, தாள் தட்டுப்பாட்டால். சுதந்திர இந்தியாவின் மருத்துவ வரலாற்றில் இதைவிடத் தவிர்த்திருக்கக்கூடிய கொடுமை அதிகம் இல்லை.

மாற்றம் கோழிக்கோட்டில் தொடங்கியது. அங்குள்ள மருத்துவக் கல்லூரியின் மயக்கவியல் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் உள்ளிட்ட நண்பர்களுடன் 1993-இல் வலி மற்றும் ஆதரவு சிகிச்சைச் சங்கத்தை நிறுவினார். ஒரு சிறிய அறையில் புறநோயாளிகளைப் பார்த்தார்கள். வாய்வழி மார்ஃபினை எப்படிப் பாதுகாப்பாகத் தருவது என்ற நடைமுறை அங்கே ஊன்றியது. முதலில் வலி எங்கே, எப்படிப்பட்டது, எந்த நேரத்தில் கூடுகிறது என்று பொறுமையாகக் கேட்டறிவார்கள். சிறிய அளவில், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று தொடங்குவார்கள். நள்ளிரவில் எழுப்ப வேண்டாம் என்பதற்காகப் படுக்கும்போது இரட்டை வேளையாகத் தருவார்கள். வலி அடங்கும்வரை அளவைப் படிப்படியாகக் கூட்டுவார்கள். முதல் சில நாட்களுக்குக் குமட்டல் இருக்கும், பிறகு பழகிவிடும்; மலச்சிக்கல் மட்டும் பழகவே பழகாது. எனவே முதல் சீட்டிலேயே மலமிளக்கியும் எழுதப்பட்டது. மிஞ்சிய மாத்திரையை யாருக்கும் தரக்கூடாது, நோயாளி இறந்தபின் திருப்பித் தர வேண்டும் என்பதைக் குடும்பத்தாருக்குச் சொல்லி அனுப்பினார்கள். வாங்கியது, கொடுத்தது, மிஞ்சியது எல்லாம் பேரேட்டில் ஏறின.

அந்தப் பேரேடுதான் பின்னர் சாட்சியானது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வலிக் கொள்கை ஆய்வுக் குழுவைச் சேர்ந்த டேவிட் ஜோரன்சனும் அவருடைய சக ஆய்வாளரும் ராஜகோபாலுடன் சேர்ந்து எழுதிய ஆய்வு 2001-இல் லான்செட் இதழில் வந்தது. இரண்டு ஆண்டுகளில் வாய்வழி மார்ஃபின் பெற்ற 1,700-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடையே மருந்து தவறான கைக்குப் போனதாகவோ தவறாகப் பயன்பட்டதாகவோ ஒரு நிகழ்வும் பதிவாகவில்லை. வீட்டுக்கு மார்ஃபின் கொடுத்தனுப்பினால் ஊரெல்லாம் போதையாகும் என்ற அதிகாரிகளின் அச்சத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைத்ததில்லை.

இதற்கிடையில் 1998-இல் மத்திய வருவாய்த் துறை எளிய மாதிரி விதிகளை மாநிலங்களுக்கு அனுப்பியது. அதே ஆண்டில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கு, மார்ஃபின் கிடைக்காமை ஓர் உரிமைப் பிரச்சினை என்பதை நீதிமன்றப் பதிவில் ஏற்றியது. கேரளா 1999-இல் விதிகளை மாற்றியது. மலப்புறம், கோழிக்கோடு மாவட்டங்களில் அக்கம்பக்கத்தார் சிறு தொகை சேர்த்து, தொண்டர்களும் செவிலியரும் வீடு வீடாகப் போகும் அமைப்பு உருவானது. 2008-இல் ஆதரவு சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கை வகுத்த முதல் இந்திய மாநிலமும் கேரளாதான். தமிழ்நாடு உட்பட வேறு சில மாநிலங்களும் விதிகளை எளிமையாக்கின. காகிதத்தில் விதி மாறியும் அதை அறியாத அலுவலகங்கள் பல இருந்தன. மாநில எல்லை தாண்டினால் பழைய சிக்கல் அப்படியே காத்திருந்தது.

முடிச்சு 2014 பிப்ரவரியில் அவிழ்ந்தது. 15-ஆவது மக்களவையின் கடைசி நாட்களில் நாடாளுமன்றம் 1985 சட்டத்தைத் திருத்தியது. ‘அத்தியாவசிய போதை மருந்துகள்’ என்ற புதிய வகை பிறந்தது. அதற்கான விதி வகுக்கும் அதிகாரம் மாநிலங்களிடமிருந்து மத்திய அரசுக்கு வந்தது. 2015-இல் நாடு முழுவதற்கும் ஒரே விதி அமலானது. மார்ஃபின், ஃபென்டனில், மெதடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய 6 மருந்துகள் இதில் அடங்கும். மருத்துவமனை பல வாசல்களில் நிற்க வேண்டியதில்லை. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ‘அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்’ என்ற ஒரே ஒப்புதல் போதும். வலி நிவாரணத்தில் பயிற்சி பெற்ற மருத்துவர் அங்கே இருக்க வேண்டும், ஆண்டுத் தேவையை முன்கூட்டியே கணித்துத் தர வேண்டும், இருப்புக் கணக்கு பிசகக்கூடாது. பதிவு பெற்ற மருத்துவர் நோயாளியின் பெயருக்கு எழுதிய அளவை அந்த நோயாளி வீட்டில் வைத்திருப்பது குற்றம் ஆகாது.

புற்றுநோய் அல்லாத நாள்பட்ட வலியின் கதை வேறு. முதுகுவலி, மூட்டுத் தேய்மானம், நரம்பு வலி போன்றவற்றுக்கு ஓபியாய்டு நீண்ட நாள் பயன் தருமா என்பதற்குச் சான்று வலுவாக இல்லை. ஆபத்துக்குச் சான்று நிறைய உண்டு. அமெரிக்காவில் 1996-இல் விற்பனைக்கு வந்த ஆக்ஸிகான்டின் மாத்திரை இத்தகைய வலிகளுக்கும் தாராளமாக எழுதப்பட்டு, பெரும் அடிமைத்தனமும் உயிரிழப்பும் நேர்ந்தன. அடிமையாகும் ஆபத்தைக் குறைத்துக் காட்டி விற்ற குற்றத்தைத் தயாரிப்பு நிறுவனமான பர்டியூ 2007-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. கோழிக்கோட்டில் மருத்துவர் நோயாளியை வாரம்தோறும் அறிந்திருந்தார். அமெரிக்காவில் விற்பனையாளர் மருத்துவரைத் தேடிப் போனார். மருந்து ஏறக்குறைய ஒன்றுதான், விளைவு இரு துருவம்.

அதனால்தான் இப்போதைய வழக்கத்தில் இத்தகைய வலிக்கு உடற்பயிற்சி, பிசியோதெரபி, நரம்பு வலிக்கான மருந்துகள் ஆகியவை முதலில் வருகின்றன. ஓபியாய்டு தேவைப்பட்டால் ஒரே மருத்துவர், ஒரே மருந்தகம், குறைந்த அளவு, குறித்த கெடு, பயன் இல்லையென்றால் மெதுவாகக் குறைத்து நிறுத்துவது என்ற ஒழுங்கு கடைப்பிடிக்கப்படுகிறது. திடீரென நிறுத்தினால் உடல் கடுமையாக எதிர்க்கும். மதுவுடனோ தூக்க மாத்திரையுடனோ சேர்த்தால் மூச்சு அடங்கும் அபாயம் உண்டு. இந்தியாவில் இத்தகைய வலிக்கு அதிகம் எழுதப்பட்டு வந்தது டிரமடால். கடத்தலும் தவறான பயன்பாடும் பெருகியதால் 2018-இல் அதுவும் 1985 சட்டத்தின் கீழ் வந்தது.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுத்த படுக்கையான நோயாளிகளுக்கு வீட்டிலேயே ஆதரவு சிகிச்சை சேர்க்கப்பட்டது. வீட்டுக்கு வரும் செவிலியர் புண்ணுக்குக் கட்டுப்போடலாம், வலியை அளந்து குறிக்கலாம். மார்ஃபினை எழுத ஒரு மருத்துவர் வேண்டும். ஆதரவு மருத்துவத்தில் எம்.டி. படிப்புக்கு 2010-இல்தான் அங்கீகாரம் கிடைத்தது; முதல் அணி மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 2012-இல் சேர்ந்தது. எம்.பி.பி.எஸ். மாணவர்களின் 2019 பாடத்திட்டத்தில் வலி நிவாரணம் திட்டமான இடம் பெற்றது. 1985-க்கும் அதற்கும் இடையே படித்து வெளிவந்த மருத்துவர்களில் பெரும்பாலோர் ஒரு மார்ஃபின் சீட்டுகூட எழுதிப் பழகாதவர்கள். மாவட்ட மருத்துவமனைகளில் இன்று மூத்த இடங்களில் இருப்பவர்கள் அவர்களே.