போன்சாய்: மரத்தோடு அதன் குறிப்பையும் காப்போம்

கண்டிக்கு வந்த இரண்டாவது வருடம் என்னுடைய பெருக்க மரம் செத்தது. வவுனியாவில் இருந்த காலத்தில் மன்னார் விதையொன்றை முளைக்கவைத்து, நான்கு வருடம் சாடியில் வளர்த்த மரம் அது. ஒக்டோபர் மழையில் வெளியே விட்டிருந்தேன். இலை கொட்டத் தொடங்கியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். ஜனவரியில் அடிமரத்தை அழுத்திப் பார்த்தபோது விரல் உள்ளே போனது. வேர் முழுவதும் அழுகியிருந்தது.

சில மாதங்களின் பின் கம்பளையில் போன்சாய் வளர்க்கும் சிங்களப் பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். அவரும் இதே தவறால் இரண்டு பெருக்க மரங்களை இழந்திருந்தார். மழை தொடங்குமுன் கூரைக்குக் கீழே வைக்கவேண்டும் என்று தன் கொப்பியில் சிங்களத்தில் எழுதி வைத்திருந்தார். எங்கள் வீடுகளுக்கு இடையே ஒரு மணித்தியால பஸ் பயணம்தான். ஆனால் அந்த ஒரு வரி என்னிடம் வந்து சேரவில்லை.

போன்சாய் பற்றிய நூல்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் பெரும்பாலானவை குளிர்காலமும் வசந்தமும் உள்ள நாடுகளுக்காக எழுதப்பட்டவை. "வசந்தத்தில் சாடி மாற்றுங்கள்" என்ற அறிவுரையை வைத்துக்கொண்டு கண்டியில் என்ன செய்வது? இங்கே இரண்டு பருவமழைகளும் பெய்கின்றன. யாழ்ப்பாணத்தில் மழையின் பெரும்பகுதி ஒக்டோபரில் இருந்து டிசம்பருக்குள் முடிந்துவிடுகிறது. குளிர்நாட்டு மரத்தில் சுற்றிய கம்பியை மாதக்கணக்கில் விடலாம். இங்கே வேகமாக வளரும் இத்தியில் சில வாரங்களிலேயே அது பட்டைக்குள் பதிந்துவிடும். இந்த வேறுபாடுகளை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அறிந்தது அவர்களுடைய கொப்பிகளிலும் கைப்பேசிகளிலும் கிடக்கிறது.

கொப்பிக்கு என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. ஐயா மாமரங்களுக்கு ஒட்டுக்கட்டிய விபரங்களை இருபது வருடமாக ஒரு கொப்பியில் எழுதி வந்தார். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது கொப்பி வீட்டில் கிடந்தது. திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் சாம்பலாயின. ஒரே பிரதி என்பது பிரதியே இல்லாததற்குச் சமம்.

பேராதனை தரும் பாடம்

அறிவைச் சேர்த்து வைப்பதற்கு எங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. பேராதனை தாவரவியல் பூங்காவை 1821 இல் தொடங்கிய அலெக்சாந்தர் மூன், 1824 இல் இலங்கைத் தாவரங்களின் பட்டியலைச் சிங்களப் பெயர்களோடு வெளியிட்டார். ஹென்றி டிரைமனின் இலங்கைத் தாவரக் கைநூல் 1893 முதல் வெளிவந்தது. அதில் தமிழ்ப் பெயர்களும் சேர்ந்தன. 1896 இல் டிரைமன் இறந்தார். மிகுதியை ஜோசப் ஹூக்கர் எழுதி 1900 இல் முடித்தார். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர முடிந்ததற்குக் காரணம், எல்லாம் ஒரே ஒழுங்கில் எழுதப்பட்டிருந்ததுதான். அங்குள்ள தேசிய உலர்தாவரகத்தில் பேணப்படும் மாதிரிகளிலும் செடி எங்கே, எப்போது, யாரால் எடுக்கப்பட்டது என்ற குறிப்பு இருக்கும்.

என்ன எழுதவேண்டும்?

நாங்கள் ஆறேழு பேர் இப்போது ஒவ்வொரு மரத்துக்கும் ஒரே படிவத்தில் எழுதுகிறோம்:

1. பெயர்: தமிழ், சிங்களம், தாவரவியற் பெயர் மூன்றும். வன்னிக் காட்டுப் பாலையைச் சிங்களத்தில் "பலு" என்பார்கள். தமிழில் வெட்பாலை, ஏழிலைப்பாலை என்று வேறு பாலைகளும் உண்டு. மனில்காரா ஹெக்ஸாண்ட்ரா என்று எழுதினால் குழப்பம் தீரும்.
2. இடம்: ஊர், கடல்மட்டத்திலிருந்து உயரம், வெயில் படும் நேரம். பேராதனை சுமார் 460 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மன்னார் கடலோரம். அங்கே சரிவந்தது இங்கே சரிவராமல் போகலாம்.
3. கலவை: ஆற்றுமணல், உடைத்த செங்கல், கூட்டெரு ஆகியவற்றின் பங்கு.
4. செய்தது: வெட்டியது, கம்பி கட்டியது, சாடி மாற்றியது, திகதியோடு.
5. விளைவு: ஒரு மாதத்திலும் ஆறு மாதத்திலும் என்ன ஆனது. செத்திருந்தால் அதையும் மறைக்காமல்.

எங்கே வைப்பது?

வட்ஸ்அப் குழு பேசுவதற்கு நல்லது, சேமிப்பதற்கு ஆகாது. மூன்று மாதத்துக்கு முந்தைய பதிலை அதில் தேடியெடுப்பதற்குள் மரம் காய்ந்துவிடும். தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் இருந்து இயங்குகிறது. ஆனால் அது ஏற்கனவே வெளியான ஆதாரத்தைக் கேட்கும். எங்கள் சொந்த அனுபவத்தை அங்கே எழுத முடியாது. செய்முறைக் கைநூலாகத் தொகுப்பதற்கு விக்கிநூல்கள் பொருத்தமானது. படங்களுக்கு விக்கிமீடியா பொதுவகம் இருக்கிறது. இவற்றில் ஒவ்வொரு மாற்றமும் வரலாற்றில் நிற்பதால், யாராவது தவறாகத் திருத்தினாலும் பழையதை மீட்கலாம். பழைய தோட்டக்கலைச் சஞ்சிகை உங்களிடம் இருந்தால், 2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். எழுதியவரின் அனுமதி முக்கியம்.

எழுதக்கூடாததும் உண்டு. காட்டு மரம் நிற்கும் சரியான இடத்தைப் போடாதீர்கள். மறுநாள் யாராவது மண்வெட்டியோடு போய்விடுவார்கள். கண்ணிவெடி அகற்றப்படாத பகுதிகளில் செடி தேடவே வேண்டாம். கைப்பேசிப் படத்தில் இடத்தகவல் ஒளிந்திருக்கலாம். அதை நீக்கிவிட்டு ஏற்றுங்கள். வளர்ப்பவரின் வீட்டு முகவரியும் யாருக்கும் தேவையில்லை.

வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவில் ஒரு வெண்பைன் போன்சாய் இருக்கிறது. 1625 முதல் சாடியில் வளர்வது. 1976 இல் ஜப்பானின் மசாரு யமாகி அதை அன்பளிப்பாகக் கொடுத்தார். 2001 இல் அவருடைய பேரன்மார் அதைப் பார்க்க வந்தபோதுதான், 1945 இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீற்றரில் நின்று தப்பிய மரம் அது என்று பூங்காவினருக்குத் தெரியவந்தது. பேரன்மார் வந்திராவிட்டால் அது வெறும் பழைய பைனாகவே இருந்திருக்கும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த விதையில் முளைத்த மரங்கள் எங்கள் வீட்டு முற்றங்களிலும் பலகணிகளிலும் நிற்கின்றன. அவை எந்த வளவிலிருந்து வந்தவை என்பதைப் பிள்ளைகளுக்காகவாவது எழுதி வையுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், செத்துப்போன மரத்திலிருந்து தொடங்குங்கள். எங்கள் தொகுப்பின் முதற் பதிவு என்னுடைய பெருக்க மரம். "விளைவு" என்ற இடத்தில் எழுதியிருக்கிறேன்: வேர் அழுகிச் செத்தது, காரணம் நான் ஊற்றிய தண்ணீர்.