நம்புதற்கரிய செய்தியும் நம்பாத மனிதரும்

ஆங்கிலத்திலே 'இன்கிரெடிபிளி' என்றும் 'இன்கிரெடுலஸ்லி' என்றும் இரு சொற்கள் உண்டு. இரண்டும் நம்பிக்கையைக் குறிக்கும் ஓர் இலத்தீன் வேரினின்று பிறந்தவை. கணக்கிலே நாம் நாள்தோறும் எழுதும் 'கிரெடிட்' என்பதும் அவ்வேரின் பிள்ளையே. ஆயினும் முன்னது செய்தியின் மேல் நிற்கும்; 'நம்புதற்கரியவாறு' என்பது பொருள். பின்னது கேட்டவன் மேல் நிற்கும். அவன் 'நம்பாது' கேட்டான் என்பதே பொருள். ஜொகூர்த் தோட்டமொன்றில் கிராணியாயுள்ள நாம், ஆங்கிலப் பள்ளியிலே பயின்றும் நெடுநாள் இவற்றைக் குழப்பியே எழுதி வந்தோம். சிங்கப்பூரின் சரித்திரமே வேற்றுமையைத் தெளிவாக்கிற்று.

1941 டிசம்பர் 2-ந் தேதி பிரின்ஸ் ஆப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்னும் இரு பெரும் போர்க்கப்பல்கள் சிங்கப்பூரை அடைந்தன. இனி இத்தீவை எவர் தீண்டுவர் என்று ஆள்வோர் இறுமாந்திருந்தனர். 8-ந் தேதி விடியுமுன் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோதும் நகர விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன! ஒத்திகையென்றே பலர் எண்ணினர். ராபிள்ஸ் பிளேஸும் சைனா டவுனும் அடிபட்டன; 61 பேர் மாண்டனர். 10-ந் தேதி, விமானத் துணையின்றிச் சென்ற அவ்விரு கப்பல்களும் குவாந்தானுக்கப்பால் மூழ்கின. அச்செய்தியையும் ஊர் நம்பாதுதான் கேட்டது. 1942 பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிராங்கூன் ரோட்டுக்கு வரும் நம்மவர் அடுத்துள்ள பேரர் பார்க்கை அறிவர். பிப்ரவரி 17-ந் தேதி அங்கேதான் பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்களை ஆங்கில அதிகாரி ஜப்பானியர் கையில் ஒப்புவித்தார். தம்மை நடத்தி வந்தவர்களே தம்மைக் கைமாற்றக் கண்டு நின்றவர்களுக்குப் பின்னைய சொல்லே பொருந்தும்.

ஆனால் அவ்வீழ்ச்சியைப் பற்றிப் பேசுவோரோ முன்னைய சொல்லையே விரும்புகின்றனர். 'நம்புதற்கரிய வீழ்ச்சி' என்றால் பழி நிகழ்ச்சியின் மேல் போய்விடும். 'நம்ப மறுத்தனர்' என்றாலோ, மறுத்தவர் எவர் என்ற கேள்வி உடனே எழும். நமக்கென்னவோ இரண்டாவதே நேர்மையான வாக்கியமாகப் படுகிறது.

சென்ற மாதம் லயத்துத் தண்ணீர் கெட்டிருப்பதாகத் தொழிலாளர் முறையிட்டனர். மேலதிகாரி நம்பவில்லை. 'நம்பத்தகாத புகார்' என்று ஆங்கிலத்திலே அறிக்கை எழுதி முடித்திருந்தோம். மறுபடி படித்தபின், 'புகாரை மேலதிகாரி நம்பவில்லை. தண்ணீர் இன்னும் பரிசோதிக்கப்படவில்லை' என்று திருத்தி அனுப்பினோம்.