மூன்று தலையும் ஆயிரம் தலையும்

அரக்கன் பெயரைத் தாங்கிய ஊர்கள் நம் நாட்டில் சில உண்டு. மகிஷாசுரன் பெயரால் மைசூர் அமைந்தது என்பார்கள். ஆனால் அங்கே அவன் தேவியின் கையால் மடிந்தவன். நம் திருச்சிராப்பள்ளியின் கதை வேறு. மூன்று தலைகளையுடைய திரிசிரன் மலைமேல் ஈசனை வழிபட்டு அருள் பெற்றான், அதனால் இது திரிசிரபுரம் ஆயிற்று என்பது தலவரலாறு. மீனாட்சிசுந்தரம் பிள்ளையைத் 'திரிசிரபுரம் மகாவித்துவான்' என்று சொல்லும்போதெல்லாம் தமிழுலகம் அந்த அரக்கனையும் சேர்த்தே நினைவுகூர்கிறது!

ஆராய்ச்சியாளர் சிலர் இதை ஒப்புவதில்லை. சிரா என்ற சமணத் துறவியின் பள்ளி இருந்ததால் சிராப்பள்ளி என்பது அவர்கள் கொள்கை. மலையில் சமணர் படுக்கைகள் இருப்பதும் உண்மை. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கலாம். ஆனால் எனக்கு வேறொரு கேள்வி எழுகிறது. ஊர்ப் பெயருக்குக் காரணம் தேடிய மக்கள் மனம், போயும் போயும் மூன்று தலை அரக்கனை ஏன் நாடியது? நாடியதோடு நில்லாமல், அவனை ஏன் பக்தனாக்கியது?

இந்த மூன்று தலையன் மிகப் பழைய பேர்வழி. துவஷ்டாவின் மகனான மூன்று தலை விசுவரூபனை இந்திரன் கொன்றதை வேதம் சொல்கிறது. பாரசீகத்தில் அவனே 'அழி தகாகன்' என்ற மூன்று தலைப் பாம்பு. அங்கே 'அழி' என்பதும் வடமொழியில் 'அஹி' என்பதும் ஒரே சொல்தான். பாம்பு என்று பொருள். பின்னாளில் பிர்தௌசியின் 'ஷாநாமா'வில் அவன் தோள்களில் இரு பாம்புகள் முளைத்த கொடுங்கோலன் ஆகிறான். பெரிதூன் அவனைப் பிடித்துத் தமாவந்து மலையில் கட்டிப் போடுகிறான். மூன்று தலையனுக்கு அங்கும் ஒரு மலை, இங்கும் ஒரு மலை. அங்கே அது சிறை; இங்கே கோயில்!

உலகெங்கும் கொல்லப்பட்ட நாகங்களுக்குக் கணக்கில்லை. பாபிலோனில் மார்துக் கடலரசி தியாமத்தைப் பிளந்தான். ஐரோப்பாவில் புனித ஜார்ஜ், ஏரிக்கரையில் ஊரை வாட்டிய டிராகனைக் குத்திக் கொன்றார். விருத்திரன் என்ற பாம்பு நீரை மறித்துக் கிடந்தது. இந்திரன் அதைக் கொன்று ஆறுகளை விடுவித்தான். கவனித்தீர்களா? பெரும்பாலும் நீர் இருக்குமிடத்தில்தான் நாகம் இருக்கிறது. சீனர்களோ தங்கள் நாகத்தை மழை தரும் தெய்வமாக வணங்கினார்கள்.

இனிக் காவிரியைத் தாண்டி வாருங்கள். ஸ்ரீரங்கத்தில் ஆதிசேஷனுக்குப் புராணம் ஆயிரம் தலை சொல்கிறது. திருச்சி அரக்கனுக்கு மூன்றே தலை! ஐரோப்பியக் கதைகளில் டிராகன் பொற்குவியலின் மேல் சுருண்டு கிடக்கும். நம் கிராமத்துப் பாட்டிமாரும் புதையலைப் பாம்பு காக்கும் என்பார்கள். ஸ்ரீரங்கத்தில் இது தலைகீழ். நிதியின் மேல் நாகம் இல்லை. நாகத்தின் மேல் நிதி பள்ளி கொண்டிருக்கிறது. அந்தப் பெருமாள் தென்திசை நோக்குவதும் விபீஷணன் என்ற இன்னோர் அரக்கனுக்காகவே என்பது ஐதீகம்.

இதைக் கொண்டு, 'நாம் கருணையுள்ளவர்கள், மற்றவர்கள் கொலைகாரர்கள்' என்று மார்தட்டிக்கொள்ள நான் வரவில்லை. விருத்திரனைக் கொன்றவனும் நம்மவன்தான். அதே கோயிலில் வெள்ளைக் கோபுரத்தருகே சேஷராயர் மண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள். முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகள். அவற்றின் மேலிருந்து விலங்குகளை ஈட்டியால் குத்தும் வீரர்கள். குத்தவும் நமக்குத் தெரியும்.

ஆனால் ஆற்றைக் குத்த முடியுமா? ஒருபுறம் காவிரி, மறுபுறம் கொள்ளிடம், நடுவே திட்டு. ஊரையே அணைத்துக் கிடக்கும் இரண்டு பாம்புகள் அவை. சோறு போடுவதும் அவைதான். சீறினால் வாரிக்கொண்டு போவதும் அவைதான். 1836 முதல் 1838 வரை ஆர்தர் காட்டன் காலத்தில் முக்கொம்பில் மேலணை கட்டினார்கள். 2018 ஆகஸ்டு மாதம் பெருகிய வெள்ளம் அந்த அணையின் கொள்ளிடப் பகுதியில் மதகுகள் சிலவற்றை அடித்துக்கொண்டு போயிற்று. நூற்றெண்பது ஆண்டுகள் அடங்கிக் கிடந்தது ஒரே இரவில் தலை தூக்கியது.

இப்படிப்பட்ட பாம்பைக் கொன்றுவிட்டால் வயல் காயும். அவிழ்த்து விட்டாலோ வீடு போகும். அதனிடம் பயமும் வேண்டும், உறவும் வேண்டும். இந்த உண்மையை அறிந்தவர்கள்தாம் அதன் மேல் ஆண்டவனைப் படுக்க வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. படுக்கையாக இருப்பவன் அசையக் கூடாது. அசைந்தால் பெருமாளின் உறக்கம் கலைந்துவிடும் அல்லவா?

இன்று திரைப்படங்களில் நெருப்பைக் கக்கியபடி பறக்கும் டிராகனைக் குழந்தைகள் கண்கொட்டாமல் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். அவர்களை ஒரு நாள் மலைக்கோட்டையின் உச்சிக்கும் அழைத்துப் போங்கள். கீழே இரண்டு ஆறுகளுக்கு நடுவே கோபுரங்கள் தெரியும். அந்த நாகத்துக்குக் கதையில் இன்னும் வேலை முடியவில்லை என்று சொல்லுங்கள்.