உல்ஹாஸ்நகரில் ஒரு குடும்பம்: குடியேற்றமும் எழுத்தும்

மும்பையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், கல்யாணை அடுத்து இருக்கிறது உல்ஹாஸ்நகர். அங்கு ஒருவரிடம் முகவரி கேட்டால் இன்றும் ‘கேம்ப் நம்பர் மூன்று’, ‘கேம்ப் நம்பர் ஐந்து’ என்றே விடை வரும். முகாம் ஊராக மாறி எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கடைத்தெருக்களும் கல்லூரிகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுந்துவிட்டன. ஆயினும் ஊரின் பகுதிகளுக்கு முகாம் எண்களே பெயர்களாக நிலைத்துவிட்டன.

ஒரு குடும்பம் புதிய ஊரில் குடியேறி முடித்தது என்று எப்போது சொல்லலாம்? வீடு, தொழில், இழப்பீடு, வாக்குரிமை ஆகியவற்றைக் கொண்டே வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் இதற்கு விடை சொல்கிறார்கள். அந்த அளவுகோல்களின்படி உல்ஹாஸ்நகரின் சிந்திக் குடும்பங்கள் பிரிவினை அகதிகளுள் வெற்றி பெற்றவர்கள். மொழியியல் படித்தவன் என்ற முறையில் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க விரும்புகிறேன்: அக்குடும்பத்தோடு வந்த மொழிக்கும் எழுத்துக்கும் அந்த ஊரில் எங்கே இடம் கிடைத்தது?

முதலில் பின்னணி. சிந்து மாகாணம் 1936 வரை பம்பாய் மாகாணத்தின் பகுதியாக இருந்தது. 1947இல் பஞ்சாபும் வங்காளமும் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. சிந்து பிரிக்கப்படவில்லை, முழுமையாகப் பாகிஸ்தானுக்குச் சென்றது. இந்த வேறுபாடு பின்னாளில் மொழிக்கு மிகப் பெரிய விளைவைத் தந்தது. லாகூரிலிருந்து கிளம்பிய பஞ்சாபி இந்துக் குடும்பம் அமிர்தசரசையோ ஜலந்தரையோ அடைந்தபோது அங்கும் தெருவில் பஞ்சாபி ஒலித்தது. டாக்காவிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தவருக்கும் வங்காளி காத்திருந்தது. சிந்தின் மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்குக்கு மேலிருந்த இந்துக்களுக்கோ, எல்லைக்கு இப்பால் சிந்தி பேசும் மாநிலம் என்று எதுவும் இருக்கவில்லை.

பிரிவினையின் முதல் மாதங்களில் பஞ்சாபில் நடந்த அளவுக்குக் கொலைகள் சிந்தில் நடக்கவில்லை. பலர் அங்கேயே தங்கிவிடலாம் என்று எண்ணினார்கள். 1948 ஜனவரி 6 அன்று கராச்சியில் நடந்த கலவரம் அந்த எண்ணத்தை முடித்துவைத்தது. கராச்சித் துறைமுகத்திலிருந்து பம்பாய்க்கும் கத்தியவார்த் துறைமுகங்களுக்கும் கப்பல்கள் வந்தன. மற்றவர்கள் இரயிலில் ராஜஸ்தான் வழியாக வந்தார்கள். பம்பாய் நகரம் இத்தனை பேரைத் தாங்காது என்று கருதிய அரசு, இரண்டாம் உலகப் போரின்போது படையினருக்காகக் கல்யாண் அருகே அமைக்கப்பட்டுப் பின்னர் காலியாகக் கிடந்த முகாம்களுக்கு அவர்களை அனுப்பியது. ஐந்து முகாம்கள், நீண்ட பாரக்குகள். படைவீரர்கள் வரிசையாகப் படுத்துறங்கக் கட்டப்பட்ட கூடங்கள் அவை. குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் இடையே சேலையோ சாக்குத்துணியோ சுவராயிற்று. தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் பொது. 1949 ஆகஸ்ட் 8 அன்று அப்போதைய கவர்னர் ஜெனரல் சி. ராஜகோபாலாச்சாரி அங்கு வந்து புதிய நகரியத்துக்கு அடிக்கல் நாட்டினார். அருகில் ஓடும் உல்ஹாஸ் ஆற்றின் பெயரால் அது உல்ஹாஸ்நகர் ஆயிற்று. 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் அங்கு வாழ்ந்தார்கள்.

இனி, அந்தப் பாரக்கின் ஒரு தடுப்புக்குள் வாழ்ந்த குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். இது குறிப்பிட்ட ஒரு குடும்பத்தின் வரலாறு அன்று. அக்காலச் சிந்தி இந்துச் சமூகத்தின் எழுத்து வழக்கங்களை ஒரே கூரையின் கீழ் வைத்துக் காண்பதற்கான மாதிரி. தாத்தா ஐதராபாத் (சிந்து) கடைவீதியில் வணிகர். பெரிய மகன் அரசு அலுவலகத்தில் எழுத்தர். பாட்டி நானக்கின் வழியைப் பின்பற்றுபவர். நாள்தோறும் குருவாணி படிப்பவர். பேரனுக்கு ஆறு வயது.

தாத்தாவின் கணக்குப் புத்தகம் ‘ஹட்வாணிகா’ எனப்படும் வணிகர் எழுத்தில் இருக்கும். உயிர்க்குறிகளைப் பெரிதும் விட்டுவிட்டு எழுதப்படும் எழுத்து அது. ஊருக்கு ஊர் வடிவம் மாறும். அந்தக் கடைவீதிக்காரருக்கே முழுமையாக விளங்கும். மகன் எழுதியது பாரசீக-அரபு வழியில் வந்த 52 எழுத்துகள் கொண்ட நெடுங்கணக்கு. ஆங்கிலேய அரசு 1853இல் இதனை ஒழுங்குபடுத்தி நிர்வாகத்துக்கும் பள்ளிக்கும் உரியதாக்கியது. அப்போதே ஒரு விவாதம் நடந்தது. சிந்தி இலக்கணமும் அகராதியும் தொகுத்த கேப்டன் ஜார்ஜ் ஸ்டாக் தேவநாகரியை ஆதரித்தார். ரிச்சர்ட் பர்ட்டன் அரபு எழுத்தை ஆதரித்தார். இரண்டாம் தரப்பு வென்றது. பாட்டி படித்ததோ குர்முகி. ஆக, ஒரு வீட்டில் ஒரு மொழி, மூன்று எழுத்துகள்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பன்மை சிந்தில் ஒரு குறையாக உணரப்படவில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் சென்று சேர ஓர் இடம் இருந்தது: கணக்கெழுத்துக்குக் கடைவீதி, அரபு வழி எழுத்துக்கு அலுவலகமும் பள்ளியும் செய்தித்தாளும், குர்முகிக்கு வழிபாட்டறை. தாத்தாவுக்கு மகனின் கோப்பு புரியாவிட்டாலும் இழப்பில்லை. அலுவலகம் இருந்தது, எழுதியதைப் படிக்க அங்கே ஆள் இருந்தது.

கல்யாண் முகாமுக்கு வந்ததும் எழுத்துகள் அப்படியே இருந்தன. அவற்றுக்குரிய இடங்கள்தாம் இல்லாமற்போயின. தாத்தா புறநகர் இரயில்களில் ஏறி மிட்டாயும் பேனாவும் விற்கத் தொடங்கியபோது, வாங்குபவர் மராத்தியரும் குஜராத்தியரும் ஆனார்கள். பேச்சு பம்பாய் ஹிந்தியாயிற்று. ஹட்வாணிகாவில் கணக்கு எழுதினாலும் அதை ஏற்றுக்கொள்ளும் மொத்த வணிகர் இல்லை. மகன் அறிந்த எழுத்தில் இயங்கும் அரசு அலுவலகம் பம்பாய் மாகாணத்தில் இல்லை. பழைய எழுத்துக்குச் சில ஆண்டுகள் ஒரு மதிப்பு எஞ்சியிருந்தது: சிந்தில் விட்டுவந்த சொத்துக்கு உரிமை கோருவதற்கான சான்றுகளில். 1950ஆம் ஆண்டின் உரிமைகோரல் சட்டமும் 1954ஆம் ஆண்டின் இழப்பீடு-மறுவாழ்வுச் சட்டமும் ஆவணங்களைக் கேட்டன. சிந்தின் வருவாய்ப் பதிவுகள் சிந்தியில் எழுதப்பட்டவை. இழப்பீடு தீர்ந்தபோது அந்தத் தாள்களின் பயனும் தீர்ந்தது.

பேரனைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். எந்த எழுத்தில்? இந்தக் கேள்வி அந்த வீட்டோடு நிற்கவில்லை. நாடு தழுவிய பூசலாகியது. சுதந்திர இந்தியாவில் சிந்தியைத் தேவநாகரியில் எழுத வேண்டும் என்று ஜெயராம்தாஸ் தௌலத்ராம் போன்றோர் வாதிட்டார்கள். பிள்ளைகள் எப்படியும் ஹிந்தி படிக்கப்போகிறார்கள், ஒரே எழுத்து இருந்தால் சுமை குறையும், சமஸ்கிருத மரபோடு உறவு மீளும் என்பன அவர்களது காரணங்கள். எழுத்தாளர்கள் பலர் மறுத்தார்கள். ஏறத்தாழ நூறாண்டுக் கால இலக்கியம் முழுவதும் அரபு வழி எழுத்தில் அச்சாகியிருக்கிறது. எழுத்தை மாற்றினால் பேரனுக்கு அது பூட்டிய அறையாகிவிடும். எல்லைக்கு அப்பாலுள்ள சிந்தி வாசகரோடு உள்ள தொடர்பும் அறும் என்றார்கள். 1950இல் மத்திய அரசு தேவநாகரியை ஏற்றது. எதிர்ப்பு எழவே, 1951இல் இரண்டு எழுத்துகளும் செல்லும் என்றது.

மொழியியல் நோக்கில் இரண்டில் எதுவும் சிந்திக்குப் பொருந்தாத எழுத்து அன்று. சிந்தியில் காற்றை உள்ளிழுத்து ஒலிக்கும் வெடிப்பொலிகள் நான்கு உண்டு. ஹிந்தியிலும் மராத்தியிலும் அவை இல்லை. குழந்தையைக் குறிக்கும் சிந்திச் சொல்லே அத்தகைய ஓர் ஒலியில்தான் தொடங்குகிறது. அரபு வழி நெடுங்கணக்கில் அவற்றுக்குத் தனி வடிவங்கள் உண்டு. தேவநாகரியிலும் எழுத்தின் கீழே கோடிட்டு அவற்றைக் காட்டிவிடலாம். சிக்கல் ஒலியில் இல்லை, சமூகத்தில் இருந்தது. ‘இரண்டும் செல்லும்’ என்ற தீர்வு நியாயமானதாகத் தோன்றினாலும், வாசகர் கூட்டத்தை அது இரண்டாகப் பிளந்தது. பள்ளிக்கு இரண்டு வகைப் பாடநூல், பதிப்பாளருக்கு இரண்டு சிறு சந்தை. பெற்றோர் பலர் இரண்டையும் விட்டு மூன்றாவது வழியைத் தேர்ந்தார்கள்: ஆங்கிலவழிப் பள்ளி.

இதனைப் பெற்றோரின் பற்றின்மை என்று சொல்லிவிடுவது எளிது. அக்காலச் சூழலை எண்ணிப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. வந்தவர்களை மற்றவர்கள் ‘சரணார்த்தி’ என்றார்கள். அவர்களோ தம்மைப் ‘புருஷார்த்தி’, அதாவது தம் உழைப்பால் வாழ்பவர், என்று சொல்லிக்கொண்டார்கள். ஒரு சமூகம் தன் மேல் ஒட்டப்பட்ட சொல்லைக் கழற்றித் தானே ஒரு சொல்லை அணிந்துகொண்டதற்கு இது நல்ல சான்று. ஆனால் புருஷார்த்தியாக நிலைபெற, கடையில் வாங்குபவரின் மொழியும் அலுவலகத்தில் அரசின் மொழியும் வேண்டியிருந்தன. குஜராத்தில் குடியேறிய சிந்திகளைப் பற்றி ரீட்டா கோத்தாரி 2007இல் வெளியிட்ட ‘தி பர்டன் ஆஃப் ரெஃப்யூஜ்’ என்ற நூல், அவர்களது உணவும் உடையும் பேச்சும் அண்டை வீட்டாரின் கண்ணில் ‘முஸ்லிம் சாயல்’ உடையனவாகத் தெரிந்ததையும், அந்தப் பார்வையின் அழுத்தத்தில் அடுத்த தலைமுறை தன் அடையாளத்தையே உதிர்த்துக்கொண்டதையும் விளக்குகிறது. வலமிருந்து இடமாக எழுதும் இந்துக் குழந்தையை அன்றைய சூழல் எப்படிப் பார்த்திருக்கும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

கராச்சியில் பிறந்து சிந்தியை ஆராய்ந்த மொழியியலாளர் லச்மன் கூப்சந்தானி வேறொரு கோணத்தைத் தருகிறார். ஒருவர் பல மொழிகளை இடத்துக்கேற்ப மாற்றி வழங்குவது இந்தியாவின் இயல்பு. ‘ஒரு மொழி, ஓர் எழுத்து, ஒரு நிலம்’ என்ற சட்டகம் அந்த இயல்புக்குப் பொருந்தாது என்பது அவரது வாதத்தின் சாரம். நான் இதனை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. அந்தப் பன்மை தானாக நிற்பதில்லை. ஒவ்வொரு மொழிக்கும் எழுத்துக்கும் சென்று வழங்க ஓர் இடம் இருக்கும்வரைதான் அது நிற்கும். 1956இல் மாநிலங்கள் மொழிவழியாக மறுசீரமைக்கப்பட்டபோது, நிலமில்லாத சிந்திக்கு அத்தகைய இடம் இன்னும் சுருங்கியது. சாகித்திய அகாதெமி 1957இல் சிந்தியை ஏற்றது. 1967 ஏப்ரல் 10 அன்று, 21ஆம் திருத்தத்தின் வழியாக அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலும் அது இடம்பெற்றது. அட்டவணையில் இடம் கிடைத்தது. அலுவலகத்திலும் கடைத்தெருவிலும் கிடைக்கவில்லை.

நிறுவனங்களை நிறுவுவதில் சிந்திகள் குறை வைக்கவில்லை. 1949இல் பம்பாயில் உருவான கல்வி அமைப்பு ‘ஐதராபாத் (சிந்து) நேஷனல் காலேஜியேட் போர்டு’ என்றே பெயர் சூட்டிக்கொண்டது. விட்டுவந்த ஊர் புதிய ஊரின் கல்லூரிப் பலகைகளில் தொடர்ந்தது. அக்கல்லூரிகளில் பாடமொழி ஆங்கிலம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இந்தியாவில் சிந்தி பேசுவோரை ஏறத்தாழ 27.7 லட்சம் என்கிறது. கச்சி மொழியினரும் இதில் அடக்கம். எண் சிறியதன்று. ஆனால் எத்தனை பேர் எந்த எழுத்தில் படிக்கிறார்கள் என்ற கேள்வி அந்தப் படிவத்தில் இல்லை.

தமிழ் வாசகருக்கு இது தொலைவான செய்தி அன்று. மதுரையின் சௌராட்டிர மொழியினர் தம் எழுத்து எது என்ற கேள்வியை நூறாண்டுகளுக்கு மேலாக எதிர்கொண்டு வருகிறார்கள்: சௌராட்டிர எழுத்தா, தேவநாகரியா, தமிழா? அவர்களும் நெசவிலும் வணிகத்திலும் நன்கு வேரூன்றியவர்களே. குடும்பம் வேரூன்றுவதும் அதன் எழுத்து வேரூன்றுவதும் தனித்தனி வரலாறுகள் என்பதை இரண்டு சமூகங்களும் காட்டுகின்றன.

இடப்பெயர்வை ஆராயும் மாணவர்கள் முகாம் பதிவேடுகளையும் இழப்பீட்டுக் கோப்புகளையும் தேடிப் போகிறார்கள், போகத்தான் வேண்டும். அரசுக் கோப்பு குடும்பத்தை ஓர் அலகாக எண்ணும். அந்த அலகுக்குள் யார் எந்த எழுத்தில் எழுதினார் என்பதை அது பதிவு செய்வதில்லை. அதை அறிய வீடுகளுக்குத்தான் போக வேண்டும். தாத்தாக்களின் கணக்குப் புத்தகங்களையும் கடிதங்களையும் பேரர்கள் அன்போடு காத்து வைத்திருக்கலாம். ஆனால் அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் முதியவர்களாகிவிட்டார்கள். அவர்கள் இருக்கும்போதே அவர்கள் அருகில் அமர்ந்து, ஒவ்வொரு தாளாகப் படிக்கக் கேட்டு எழுதிக்கொள்வது காலத்தோடு போட்டியிடும் வேலை. உல்ஹாஸ்நகரில் மட்டுமின்றி, அகதிகளால் எழுந்த எந்தச் சிற்றூரிலும் ஆய்வு தொடங்க வேண்டிய இடம் அதுவே என்று கருதுகிறேன்.