தாய்ப்பாலும் கதிரியக்க அயோடினும்

தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்த பிறகு சிலருக்குக் கதிரியக்க அயோடின் கொடுப்பார்கள். நோயாளி பாலூட்டும் தாயாக இருந்தால் முதலில் குழந்தைக்குப் பால் மறக்கடிக்க வேண்டும். அதுவும் பல வாரங்களுக்கு முன்பே! மருந்து சாப்பிடும் நாளில் மட்டும் நிறுத்தினால் போதாதா? இந்த விதிக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது.

1811-ம் ஆண்டு பிரான்சில் வெடியுப்புத் தயாரித்துக் கொண்டிருந்த பெர்னார்ட் கூர்துவா, கடற்பாசிச் சாம்பலில் இருந்து ஊதா நிற ஆவி எழுவதைக் கண்டார். அதுதான் அயோடின். தைராய்டு சுரப்பியில் அயோடின் இருக்கிறது என்பதை 1896-ல் ஜெர்மானியரான பாமன் கண்டுபிடித்தார். உடலுக்குள் போகும் அயோடினை இந்தச் சுரப்பி தேடிப் பிடித்துச் சேர்த்து வைத்துக்கொள்கிறது.

1936 நவம்பர் 12. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் இயற்பியலாளர் கார்ல் காம்ப்டன் உரையாற்றினார். உரை முடிந்ததும் சால் ஹெர்ட்ஸ் என்ற இளம் மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார்: "அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கம் உள்ளதாக்க முடியுமா?" முடிந்தால், தைராய்டு தானே அதை இழுத்துக்கொள்ளும், கதிர்வீச்சு சரியான இடத்துக்குப் போய்விடும்!

1937-ல் ஹெர்ட்ஸும் இயற்பியலாளர் ஆர்தர் ராபர்ட்ஸும் முயல்களிடம் இதைச் சோதித்தார்கள். அப்போது கிடைத்த அயோடின்-128-ன் அரை ஆயுள் வெறும் 25 நிமிடம். 1938-ல் சீபோர்க், லிவிங்குட் இருவரும் 8 நாள் அரை ஆயுள் கொண்ட அயோடின்-131-ஐக் கண்டுபிடித்தார்கள். 1941-ல் ஹெர்ட்ஸ் முதன்முதலாக ஒரு நோயாளிக்குக் கதிரியக்க அயோடினைக் கொடுத்தார். அது தைராய்டு மிகையாகச் சுரக்கும் நோய்க்கு. உடலில் பரவிய தைராய்டு புற்றுநோயையும் இது கட்டுப்படுத்தும் என்று 1946-ல் நியூயார்க்கின் சைட்லின் குழு எழுதியது.

ஆனால் அயோடினை இழுப்பது தைராய்டு மட்டும் அல்ல. பால் சுரக்கும் மார்பகமும் இழுக்கும்! குழந்தையின் மூளை வளரத் தைராய்டு ஹார்மோன் வேண்டும், அதற்கு அயோடின் வேண்டும். அதனால் தாயின் இரத்தத்தில் உள்ளதைப் பாலில் சேர்த்து அனுப்புகிறது உடல். நல்ல அயோடின் எது, கதிரியக்க அயோடின் எது என்று அதற்குத் தெரியாது.

தாய்ப்பால் வழியாகக் கதிரியக்க அயோடின் குழந்தைக்குப் போவதைப் பற்றி 1952-லேயே அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் கட்டுரை வந்தது. 1957-ல் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் அணு உலை தீப்பிடித்தபோது சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பின் பசும்பாலைக் கொட்டினார்கள். பசு மேய்ந்த புல்லில் அயோடின்-131!

இவ்வளவு தெரிந்திருந்தும் 1990-ல் ஹவாயில் ஒரு விபரீதம் நடந்தது. ஒரு பெண்ணுக்கு உடல் முழுவதும் ஸ்கேன் எடுக்க அயோடின்-131 கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து ஸ்கேனில் மார்பகம் பளிச்சென்று தெரிந்த பிறகுதான் அவர் பாலூட்டுகிறார் என்பதே தெரியவந்தது. அதற்குள் குழந்தையின் தைராய்டு பெரும் கதிர்வீச்சை வாங்கிவிட்டது. ஆயுள் முழுக்க ஹார்மோன் மாத்திரை சாப்பிட வேண்டிய நிலை. யாரும் கேட்காமல் விட்டது ஒரே ஒரு கேள்விதான்.

அயோடினை உயிரணுவுக்குள் ஏற்றும் புரதத்தின் மரபணுவை 1996-ல் நான்சி கராஸ்கோவின் குழு பிரித்தெடுத்தது. அதே புரதம் பாலூட்டும் மார்பகத்திலும் இருப்பதை 2000-ல் காட்டினார்கள். பாலூட்டல் நின்றதும் அது படிப்படியாகக் குறைகிறது. முன்கூட்டியே நிறுத்தச் சொல்வது இதற்காகத்தான். இல்லாவிட்டால் தாயின் மார்பகத்திலேயே கதிரியக்கம் தங்கும். அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதல், பாலூட்டலை நிறுத்திக் குறைந்தது 3 மாதம் கழியும்வரை சிகிச்சையைத் தள்ளிவைக்கலாம் என்றது. சிகிச்சைக்குப் பிறகு அந்தக் குழந்தைக்கு மறுபடி பால் கொடுக்கக் கூடாது. அடுத்துப் பிறக்கும் குழந்தைக்குக் கொடுக்கலாம்.

பால் மறக்கடிப்பது தாய்க்கும் பிள்ளைக்கும் லேசான காரியம் அல்ல. ஆனால் பெரும்பாலான தைராய்டு புற்றுநோய்கள் மெதுவாக வளர்பவை. அதனால் பலருக்கு மருத்துவரைக் கலந்து நாள் குறிக்க அவகாசம் இருக்கிறது. ஆபத்து குறைந்த சிலருக்குக் கதிரியக்க அயோடினே தேவைப்படாது என்று 2022-ல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே கைக்குழந்தையோடு இருக்கும் தாய் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "எப்போது நிறுத்த வேண்டும்?" என்பது அல்ல. "எனக்கு இந்தச் சிகிச்சை அவசியம்தானா?" என்பதே.