படம் இல்லாத பாட்டிக்கு ஒரு பாவை



இன்றைய அரங்கில் நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பொம்மை. கேட்டவுடன் சிலருக்குச் சிரிப்பு வரலாம். சமுதாயத்தில் பேசுவதற்கு எத்தனையோ பிரச்சினைகள் இருக்கும்போது இவர் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாரே என்று தோன்றலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். இது குழந்தைகள் விளையாடும் பொம்மையைப் பற்றிய பேச்சல்ல. மாணவர்கள் குறும்படத்துக்காகத் தங்கள் கையாலேயே செய்யக்கூடிய பாவையைப் பற்றியும், அதன் பின்னால் நிற்கும் நீண்ட வரலாற்றைப் பற்றியும்தான் பேசப்போகிறேன்.

இன்று மாணவர் கையில் கைப்பேசி இருக்கிறது. அதில் படம் பிடிக்கலாம், வெட்டலாம், ஒட்டலாம், இசை சேர்க்கலாம். அப்படியிருக்க, அட்டையை வெட்டி, குச்சியைக் கட்டி, பசை தடவிப் பொம்மை செய்வானேன்? நியாயமான கேள்வி. தானா ராத்தாவில் நின்றுகொண்டு பதில் தேடினால் ஒன்று கிடைக்கிறது.

1967ஆம் ஆண்டு மார்ச் மாதம் 26ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு. தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் புகழ்பெற்ற ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர் தானா ராத்தாவில் தங்கியிருந்த பங்களாவிலிருந்து வெளியே நடந்து போனார். திரும்பி வரவே இல்லை. போலீசார், இராணுவத்தினர், காட்டை அறிந்த ஓராங் அஸ்லி மக்கள் என்று நூற்றுக்கணக்கானோர் தேடினார்கள். இன்றுவரை அவரைப் பற்றிப் புத்தகங்கள் வந்துகொண்டிருக்கின்றன. காணாமல் போன ஒரு மனிதரை உலகம் தேடுவது நல்லதுதான். குறை சொல்லவில்லை.

ஆனால் அதே மலையில் இன்னொரு கூட்டமும் காணாமல் போயிருக்கிறது. 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப்பகுதிக்கு வந்தார். மலைக்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அவர் பெயரும் நிலைத்திருக்கிறது. காட்டை வெட்டி, சரிவில் கன்று நட்டு, முதுகில் கூடை சுமந்து கொழுந்து பறித்தவர்களின் பெயர் எங்கே? சுற்றுலா அட்டைகளில் அவர்கள் பச்சைச் சரிவின் நடுவே ஒரு புள்ளியாக இருக்கிறார்கள். முகம் தெரியாது. பெயர் போடவில்லை. லயத்து வீட்டுச் சுவரில் சாமி படம் இருந்தது. தாத்தா பாட்டி படம் எத்தனை வீட்டில் இருந்தது? படமெடுக்கக் கடைக்குப் போக வசதி வேண்டும், ஒரு நாள் கூலியை இழக்கவும் வேண்டும்.

ஆகவே, தோட்டத்து வரலாற்றைக் குறும்படமாக எடுக்க நினைக்கும் மாணவர் முதல் நாளே ஒரு சுவரில் முட்டிக்கொள்கிறார். காட்டுவதற்குப் படம் இல்லை. அந்த இடத்தில்தான் பாவை தேவைப்படுகிறது.

பாவை நமக்குப் புதிதல்ல. திருக்குறளிலேயே மரப்பாவை இரண்டு இடங்களில் வருகிறது. நாணுடைமை அதிகாரத்தில் 1020ஆம் குறளிலும், இரவு அதிகாரத்தில் 1058ஆம் குறளிலும் வள்ளுவர் அதை உவமையாக்கியிருக்கிறார். கேட்பவர்கள் மரப்பாவை ஆட்டத்தைக் கண்டிருந்தால்தானே அந்த உவமை விளங்கும்? அந்தக் காலத்திலேயே அது தமிழ் மக்களுக்குப் பழகிய காட்சி என்பது இதிலிருந்து தெரிகிறது.

தமிழகத்தில் இக்கலை இரண்டு கிளையாக வளர்ந்தது. ஒன்று மரத்தால் செய்த பொம்மலாட்டம். இதன் பாவைகள் சில நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் இருக்கும். கயிறுகளை ஒரு வளையத்தில் கட்டி, ஆட்டுபவர் அந்த வளையத்தைக் கிரீடம்போல் தலையில் மாட்டிக்கொள்வார். பாவையின் கைகளைக் கம்பியால் இயக்குவார். அவர் தலை அசைந்தால் பாவையின் உடல் அசையும். இன்னொன்று தோற்பாவைக்கூத்து. பதப்படுத்திய ஆட்டுத் தோலில் உருவம் வெட்டி, சாயம் தீட்டி, வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு வைத்து ஆட்டுவது. தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்தோடு தொடர்புடைய குடும்பங்கள் இதைத் தொழிலாகச் செய்தன. வீட்டில் மராத்தி, மேடையில் தமிழ். இராமன் முதல் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற கோமாளிகள் வரை எல்லாருக்கும் ஒரே கலைஞர்தான் குரல் கொடுப்பார்.

கேரளத்துப் பாலக்காடு பகுதியில் நடக்கும் தோல்பாவைக்கூத்து நம்மை இன்னும் நெருங்கித் தொடும். அங்கே பாடப்படுவது கம்பராமாயணம். அதாவது, மலையாள மண்ணில் தமிழ்ப் பாட்டு. பத்ரகாளி கோயில்களில் இதற்கென்றே கூத்துமாடம் கட்டியிருக்கிறார்கள். திரைக்குப் பின்னால் 21 விளக்குகள் எரியும். இரவு முழுவதும் கூத்து நடக்கும். எதிரே ஒரு மனிதர்கூட உட்கார்ந்திருக்காவிட்டாலும் கூத்து நிற்காது.

ஏன் தெரியுமா? அவர்கள் சொல்லும் கதை இது. இராமனுக்கும் இராவணனுக்கும் போர் நடந்த நேரத்தில் பத்ரகாளி தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்தாள். அதனால் இராவண வதத்தை அவளால் பார்க்க முடியவில்லை. அந்தக் குறை தீர, ஆண்டுதோறும் அவளுக்குப் பாவையால் அதைக் காட்டுகிறார்கள். இந்தக் கலையைக் கோயிலுக்கு வெளியேயும் கொண்டுசென்ற பரம்பரையில் வந்த கே. கே. இராமச்சந்திர புலவருக்கு 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

நேயர்களே, இந்தக் கதையைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கத் தவறியவர்களுக்குக் காட்டுவதற்காகவே ஒரு கலை. பாவைக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். கிளந்தானின் வாயாங் கூலிட் நாம் அறிந்ததே. அங்கேயும் இராமாயணம்தான் மூலக்கதை. இராமன் ஸ்ரீ ராமா ஆகிறார், இராவணன் மகாராஜா வானா ஆகிறான். பாக் டோகோல், வாக் லோங் என்ற கோமாளிகள் சபையைச் சிரிக்க வைக்கிறார்கள். டாலாங் எனப்படும் கலைஞர் தனியாக உட்கார்ந்து, எல்லாக் குரலிலும் பேசி, பாவைகளை வாழைத்தண்டில் குத்தி நிறுத்துவார். கிளந்தான் பாவைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கைதான் அசையும். அந்த ஒரு கையை வைத்துக்கொண்டு கோபம், பணிவு, அழுகை எல்லாவற்றையும் காட்டிவிடுவார்கள். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பத்து மூட்டு வைத்துச் சிக்கிக்கொள்வதைவிட ஒரு கை ஒழுங்காக அசைந்தால் போதும். நம் காலத்தில் திந்தோய் சுவோ என்ற வடிவமைப்பாளர் டாலாங் பாக் டாயினுடன் சேர்ந்து, ஸ்டார் வார்ஸ் பாத்திரங்களையே கிளந்தான் பாவையாக்கி ஆட்டினார். பழைய வடிவம் புதுக் கதையைத் தாங்கும் என்பதற்கு அது ஒரு சான்று.

திரைப்படத்துக்குள்ளும் பாவை சீக்கிரமே நுழைந்துவிட்டது. ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் என்ற பெண்மணி கறுப்பு அட்டையையும் மெல்லிய ஈயத் தகட்டையும் கத்தரித்து, கம்பியால் மூட்டுப் போட்டு, ஒளியூட்டிய கண்ணாடியின் மேல் வைத்து, சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுத்தார். இளவரசர் அக்மதைப் பற்றிய அந்த முழுநீளப் படம் 1926இல் வெளிவந்தது. அதற்கு ஏறக்குறைய மூன்று ஆண்டு உழைப்பு தேவைப்பட்டது. நம் நாட்டிலும் பொறுமைக்கு ஓர் உதாரணம் உண்டு. மலேசியாவின் முதல் அசைவூட்டக் குறும்படமான ‘ஹிக்காயாட் சாங் கஞ்சில்’ ஆனந்தம் சேவியர் என்பவரின் கைவண்ணம். 1978இல் முடிந்த அந்தப் படம் 1983இல்தான் தொலைக்காட்சியில் வந்தது. அது பாவைப் படமல்ல, வரைந்த படம். ஆனால் கையால் செய்து, காத்திருந்து, கண்ட வெற்றி.

இனி, நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி. கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சியில் ரித்தி பான் என்ற சிறுவன் பெற்றோரையும் உறவினர்களையும் இழந்தான். வளர்ந்து திரைப்பட இயக்குநரானான். அந்தக் கொடுமையைப் படமாக எடுக்க நினைத்தபோது, ஆட்சியாளர்கள் தங்கள் புகழுக்காக எடுத்த படச்சுருள்கள்தான் இருந்தன. செத்தவர்களின் பக்கத்திலிருந்து எடுத்த படம் இல்லை. அவர் என்ன செய்தார்? களிமண்ணில் சின்னச் சின்ன உருவங்களைச் செய்வித்து, வண்ணம் தீட்டி, அவற்றை வைத்தே கதை சொன்னார். அந்த உருவங்கள் அசைவதுகூட இல்லை. ‘காணாமல் போன படம்’ என்ற பொருள்படும் பெயர் கொண்ட அந்தத் திரைப்படம் 2013இல் கான் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. பிறகு ஆஸ்கார் போட்டிக்கும் போனது.

நமக்கும் காணாமல் போன படம் ஒன்று உண்டு. ஜப்பானியர் ஆட்சியில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் இரயில் பாதை போடப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் குவியல் குவியலாக மடிந்தார்கள். அங்கிருந்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளில் சிலர் இரகசியமாக ஓவியம் வரைந்து வைத்தார்கள். ரொனால்ட் சியர்ல் வரைந்தவை இலண்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் பாதுகாப்பாக இருக்கின்றன. 1957இல் குவாய் நதிப் பாலத்தைப் பற்றி ஆங்கிலப் படமே வந்து ஏழு ஆஸ்கார் வாங்கியது. ஆனால் அதில் மலாயாத் தமிழ்த் தொழிலாளியின் கதை இல்லை. நம் பக்கத்தில் எழுத்து இருக்கிறது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் இருக்கின்றன. நம் ஆள் நம் ஆளை வரைந்த படம்தான் இல்லை.

அன்று பத்து வயதில் தகப்பனை வழியனுப்பி வைத்த பிள்ளை இன்று உயிரோடு இருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருப்பார். அவர் நினைவோடு நமக்குள்ள அவகாசமும் முடிகிறது.

சரி, தானா ராத்தாவில் ஒரு மாணவர் குழு இதை எப்படிச் செய்யலாம்? செலவு அதிகமில்லை. காகிதக் கூழில் பொம்மை செய்யலாம். பழைய நாளிதழைக் கிழித்து, மாவுப் பசையில் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டவேண்டும். ஆனால் மலையில் மூடுபனியும் தூறலும் மாறி மாறி வரும். தடிமனாக ஒட்டினால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். மெல்லிய அடுக்காக ஒட்டி, ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்ததை ஒட்டவேண்டும்.

அவசரமென்றால் நிழற்பாவைதான் சரி. அதற்கு வெயில் தேவையில்லை. நாள்காட்டி அட்டையில் பக்கவாட்டு முகமாக உருவம் வரைந்து வெட்டுங்கள். கண், சேலைக்கரை, கூடைப் பின்னல் ஆகிய இடங்களில் துளையிட்டால் ஒளி ஊடுருவும். தோளில் ஒரு மூட்டு, அதற்கு நூல் முடிச்சு போதும். பிடிப்பதற்குச் சாத்தே குச்சி. திரைக்கு அப்பாவின் பழைய வெள்ளை வேட்டி. பின்னால் ஒரே ஒரு விளக்கு. இரண்டு விளக்கு வைத்தால் நிழல் இரட்டையாகிவிடும். பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடித்தால் உருவம் தெளிவாக விழும். விளக்கின் பக்கம் கொண்டுபோனால் பெரிதாகி மங்கும். கங்காணியைப் பயமுறுத்தும் உருவமாகக் காட்ட இந்த ஒரு வித்தையே போதும்.

பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படமெடுக்கப் போகிறீர்களா? கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு படம் என்றாலும் மூன்று நிமிடத்துக்கு 2,160 படங்கள். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் பிடித்தால் 18 மணி நேரம். நிழற்பாவையை நேரடியாக ஆட்டினால் மூன்று நிமிடக் காட்சி மூன்றே நிமிடத்தில் முடியும். ரித்தி பான் செய்ததுபோல் அசையாத உருவத்தை வைத்தும் சொல்லலாம்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பாவை செய்யுமுன் பாட்டியிடம் போய் உட்காருங்கள். கூடையை எப்படிக் கட்டினீர்கள், தலைத்துணியை எப்படிச் சுற்றினீர்கள், பெரட்டுக்கு எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று கேளுங்கள். அவர் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பாவைக்கு நடிகர் குரல் வேண்டாம், அந்தக் குரலே இருக்கட்டும். ‘கூடையை அப்படியா மாட்டுவாங்க?’ என்று பாட்டி திருத்தினால், திருத்திச் செய்யுங்கள். முகத்தைக் கற்பனையாகச் செய்தால் அது கற்பனை என்று படத்திலேயே சொல்லிவிடுங்கள். வரலாற்றைச் சொல்ல வந்தவர்கள் பொய் சொல்லக்கூடாது.

கையால் ஏன் செய்யவேண்டும் என்று தொடக்கத்தில் கேட்டேன் அல்லவா? கணினியில் ஒரு கூடையை ஐந்து நிமிடத்தில் வாங்கிப் போட்டுவிடலாம். அட்டையில் அதை வெட்டுகிற பிள்ளைக்குத்தான் அது எத்தனை பின்னல், எவ்வளவு அகலம், வார் நெற்றியிலா தோளிலா என்ற கேள்வி வரும். கேள்வி வந்தால்தான் பாட்டியிடம் போவான். பாவை செய்வதன் பெரிய பலன் அதுதான் என்பேன்.

இன்று கேமரன் மலையில் கொழுந்து பறிப்பவர்களில் பலர் வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள். நம் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மகிழ்ச்சி. போகும்போது கதையையும் அங்கேயே விட்டுவிட்டுப் போகவேண்டாம். போரைப் பார்க்கத் தவறிய காளிக்கு ஆண்டுதோறும் விளக்கேற்றிக் காட்டுகிறார்கள். நம் தாத்தா பாட்டி பட்ட பாட்டைப் பார்க்கத் தவறியவர்கள் நாம். நமக்காக ஒரு விளக்கை ஏற்றி, ஒரு வேட்டியைக் கட்ட, நம் மாணவர்களால் முடியும்.